சூட்டில் அளப்பவர்

டீ வந்ததும் காயில்காரம்மா அதை வாங்கி, மேஜையின் இடது ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் பழைய ஹீட்டர் தட்டின் மேல் வைப்பார். வைத்ததோடு சரி. எதிரே ஏதாவது ஓர் அடுப்பின் சுருள்கம்பி, அதாவது காயில், சூடேறிக்கொண்டிருக்கும். முதலில் சாம்பல் நிறம், பிறகு கருஞ்சிவப்பு, பிறகு நல்ல சிவப்பு. அது நிலைக்கு வரும்வரை அவர் கண்ணை எடுக்க மாட்டார். நிலைக்கு வந்து, பலகையில் இருக்கும் இரண்டு மீட்டர்களின் முட்களையும் படித்து, சுவிட்சை அணைத்த பிறகுதான் டீயின் நினைவு வரும். அதற்குள் டீயில் ஏடு படிந்திருக்கும். ஓர் ஈ வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடிப்பார். பல வருஷமாக இப்படித்தான். அவர் சூடாக டீ குடித்து யாரும் பார்த்ததில்லை.

“ஆறிப் போச்சே அக்கா, வேற சொல்லட்டுமா?”

“சூடு தாங்கறது இதுங்க வேலை. எனக்கென்ன தலையெழுத்தா?”

கேட்பது அவருடைய ஓரகத்தி. வீட்டில் இளைய மருமகள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள், மூத்த மருமகளான காயில்காரம்மா பெரியவர். வயதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. சின்னவளின் கணவன் போய்ச் சேர்ந்த மறு மாதமே பெரியவர் அவளைக் கூட்டிவந்து, தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டுவிட்டார். காயில்காரம்மாவின் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவார். இரண்டு குடும்பத்துக்கும் அந்த அறைதான் சோறு. சின்னவள் அதிகம் பேச மாட்டாள். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் திரும்பிப் பெரியவரின் முகத்தைப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் கை துரு சுரண்டிக்கொண்டிருக்கும், கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

அறை இருப்பது தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகையின் கடைசியில். கொட்டகையை நான்காகத் தடுத்திருக்கிறார்கள். முதலில் லாண்டரி, அடுத்து மரவேலைக்காரரின் பட்டறை, பிறகு ஐஸ் போடும் அம்மாவின் அறை, கடைசியில் இது. நான்குக்கும் முன்னால் ஒரே நடை. நான்குக்கும் ஒரே மின் இணைப்பு. லாண்டரி வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மெயின் பெட்டி இருக்கிறது. அதற்குள் அறுபது ஆம்பியர் தாங்கும் ஒரு பியூஸ்.

காயில்காரம்மாவின் மேஜைக்கு வருவது எல்லாமே எரிந்துபோன சாமான்கள். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், சலூனில் தலை உலர்த்தும் மெஷின், பேக்கரி அடுப்பு. பழைய காயிலை உருவி எறிந்துவிட்டு, வேண்டிய கனத்தில் கம்பியை எடுத்து, நீளம் வெட்டி, ஒரு கம்பித் தண்டில் நெருக்கமாகச் சுற்றுவார். சுற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுப் பிடி என்றோ உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக அடுப்புக் கம்பியையே வளைத்து மாட்டியிருக்கிறார். “இது உருகணும்னா என் தலை முதல்ல உருகணும்” என்பது அதைப் பற்றி அவர் சொல்வது.

கொண்டையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் சொருகியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பூ என்று நினைத்து, பிறகு உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். சாமான் சூடேறி நிலைக்கு வந்ததும் சாக்பீஸை உருவி, அந்தச் சாமானின் மேலேயே எழுதுவார். மேலே வோல்ட், கீழே ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பி எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும், அது ஓம். இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு தின்கிறது என்று தெரியும், அது வாட். இருநூற்றிருபது வோல்ட், ஐந்து ஆம்பியர் என்றால் நாற்பத்துநான்கு ஓம், ஆயிரத்து நூறு வாட். உதடு அசையும், பேப்பர் கிடையாது. வாடிக்கையாளர் வாங்கியதும் துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுத்துப்போவார். அதைப் பற்றிக் காயில்காரம்மாவுக்குக் கவலையில்லை. “எழுதினது எனக்கு. துடைக்கறது உன் இஷ்டம்.”

இரண்டு மீட்டர்களும் மூடிப்போன ஒரு மில்லின் பழைய போர்டிலிருந்து கழற்றியவை. வட்டமானவை, கண்ணாடி போட்டவை. வோல்ட் மீட்டரின் முள் அவ்வப்போது சிக்கிக்கொள்ளும். நகத்தால் இரண்டு தட்டு தட்டினால் இறங்கி உண்மையைச் சொல்லும். அந்தத் தட்டு கைப்பழக்கமாகிவிட்டது. யாராவது சுற்றிவளைத்துப் பேசினால் அவர்கள் தோளிலும் நகத்தால் இரண்டு தட்டு விழும்.

சட்டைப் பையில் வைக்கும் சின்ன மீட்டர்கள் வந்து எவ்வளவோ காலமாகிறது. சாமானைச் சுவரில் சொருகவே வேண்டாம், இரண்டு முனையிலும் ஊசியை வைத்தால் ஓம் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். காயில்காரம்மாவிடமும் ஒன்று இருக்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் அதைத் தொடுவார். “உயிர் இருக்கான்னு பார்க்க இது போதும். எப்படி வாழும்னு பார்க்க, வேலையில விடணும்.” கரண்ட் ஓடி, கம்பி சிவந்து, முழு வேலையில் இருக்கும்போது எடுக்கும் அளவுதான் அவருக்கு அளவு. அதற்கு முன்னால் யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்.

“சரியாயிடுச்சாம்மா?”

“சூட்டுல சொல்றேன்.”

இந்தப் பதில் மேஜையை விட்டு வெளியேயும் போய்விட்டது. மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் தங்கம், அதிர்ந்து பேச மாட்டான் என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். காயில்காரம்மா பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் தங்கம்தான். சூட்டுல எப்படின்னு பார்க்கணும்” என்றார். தரகர் எழுந்து போய்விட்டார். பையன் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே மகளைக் கொடுத்தார் என்று சின்னவள் நினைக்கிறாள்.

பணிந்து போகிற ஆள் இல்லை அவர். ஒரு பேக்கரிக்காரர் அடுப்பைக் கொண்டுவந்தார். காயில் ஒரு முனையில் கருகி அறுந்திருந்தது. “கருகினதை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டிக் குடும்மா, புதுசு எதுக்கு?” என்றார். மாட்டேன் என்றார் இவர். வெட்டினால் கம்பி குறையும். கம்பி குறைந்தால் தடை குறையும். தடை குறைந்தால் கரண்ட் கூடுதலாக ஓடும். கூடுதலாக ஓடினால் முன்னைவிடச் சீக்கிரம் கருகும். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே, “நான் எத்தனை வருஷமா அடுப்பு வச்சிருக்கேன் தெரியுமா?” என்றார். “அடுப்பு எத்தனை வருஷமா உன்னை வச்சிருக்குன்னு அதுகிட்ட கேளு” என்று சொல்லி, அடுப்பை அப்படியே திருப்பி அவர் பக்கம் தள்ளிவிட்டார் காயில்காரம்மா. வந்த வேலையை விரட்டுகிறாரே என்று சின்னவள் அந்த அடுப்பு வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் வேறு எங்கோ போய் வெட்டி மாட்டிக்கொண்டு, பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இங்கேதான் வந்தார். அவரை இருக்கச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார் இவர். பழைய பேச்சை எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் கொட்டகையிலிருந்து கிளப்பப் பார்த்தார்கள்.

சாயங்காலமானால் பியூஸ் போக ஆரம்பித்தது. சில நாள் தாங்கும். சில நாள் மரவேலைக்காரர் ரம்பத்தை ஓட்டும் அந்தக் கணத்தில் மெயின் பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், நான்கு அறையும் இருட்டு. ரம்பம் பலகைக்குள் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஐஸ் வியர்க்கும். லாண்டரியில் ஈரத்துணி குவியும். காயில்காரம்மாவின் பேக்கரி அடுப்பு சிவந்துகொண்டே வந்து, மனம் மாறியதுபோல் கறுத்துவிடும். ஒவ்வொருவரும் தன் வாசலில் வந்து நின்று மற்ற மூன்று வாசல்களையும் முறைப்பார்கள்.

கொட்டகைக்குச் சொந்தக்காரர் ஒரு நாள் வந்தார். பெரிய இணைப்பு கேட்டுப் பார்த்தாராம், இந்தத் தெருவின் கம்பி தாங்காது என்று சொல்லிவிட்டார்களாம். “நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. ஆனா ஒருநாள் கூரை பத்திக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது? நாலு பேர்ல ஒருத்தரோட கரண்ட் லைனைக் கழட்டி எடுத்தாகணும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணி வைங்க. திங்கக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைன் இல்லாமல் காயில் வேலை இல்லை. மரவேலைக்காரர் கையால் இழைக்கலாம். லாண்டரிக்காரர் கரி போட்டுத் தேய்க்கலாம். இவர் சுற்றிய கம்பியை எதில் மாட்டிச் சிவக்க வைப்பார்? இன்னொரு இடம் பிடிக்கிற வசதி இரண்டு பெண்களுக்கும் இல்லை. சின்னவள் அன்று துரு சுரண்டிய தட்டையே மறுபடி மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தாள்.

லாண்டரிக்காரர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சத்தம் அதிகம். மருமகன் வாங்கிக்கொடுத்த சின்ன மீட்டர் ஒன்றை அப்போதுதான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். காயில்காரம்மா சாப்பிடப் போன நேரத்தில் அறைக்குள் வந்தார். மேஜைக்கு மேலே வரிசையாக ஆறு பெரிய குண்டு பல்புகள் உண்டு. புதுக் காயிலில் எங்காவது ஷார்ட் இருந்தால் கரண்ட் நேரடியாகப் பாயாமல், இந்தப் பல்புகள் வழியாகச் சுற்றிப் போக வைத்துப் பார்ப்பதற்கு. பல்புகள் அணைந்திருந்தன. லாண்டரிக்காரர் அந்த வரிசையின் இரண்டு முனையிலும் ஊசியை வைத்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காயில்காரம்மா சாப்பிட்டுத் திரும்பியபோது மூன்று வாசல்காரர்களும் நடையில் நின்றார்கள்.

“வாம்மா. உன் பல்பு வரிசை மூணே கால் ஓம் சொச்சம். இருநூத்தி முப்பது வோல்ட்டை அதால வகுத்தா எவ்வளவு வருது? நானும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். எழுபது ஆம்பியர்! மொத்தக் கொட்டகைக்கே அறுபதுதான். நீ என்ன, உள்ள சர்க்கஸ் கூடாரமா நடத்தற?”

மரவேலைக்காரர் சிரித்தார். ஐஸ்காரம்மா சிரிக்கவில்லை. ஆனாலும், “பல்புக்கே இவ்வளவுன்னா அடுப்புக்கு எவ்வளவோ” என்று முணுமுணுத்தார்.

காயில்காரம்மா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரால் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தார்.

“வகுத்தது சரிதான்” என்றார்.

லாண்டரிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை.

“கணக்கு சரி. தூங்கறவங்ககிட்ட போய் சாட்சி கேட்டிருக்கீங்க, அதான் தப்பு. எழுபது ஓடினா சுவிட்ச் போட்டதும் பியூஸ் பறக்கணும். காலையிலகூட எரிஞ்சுது, பறந்துச்சா? வாங்க உள்ள.”

பல்புகளைப் போட்டார். அறை மஞ்சளாகி, எல்லா முகங்களிலும் இருந்த எண்ணெயும் வியர்வையும் பளபளத்தன. வோல்ட் மீட்டரை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். இருநூற்றிருபது. ஆம்பியர் மீட்டரில் முள் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு ஐந்தில் வந்து உட்கார்ந்தது.

“படிங்க. சத்தமா.”

“அஞ்சு” என்றார் லாண்டரிக்காரர், சத்தமில்லாமல்.

“இருநூத்தி இருபதை அஞ்சால வகுங்க. நாப்பத்திநாலு ஓம். மூணே கால் எங்க போச்சு? பல்புக்குள்ள இருக்கிற இழை குளிர்ந்து கிடக்கும்போது வழி விட்டுட்டு நிக்கும். சூடேறினதும் மறிக்க ஆரம்பிச்சிடும். நீங்க சொன்ன எழுபது, சுவிட்ச் போட்டதும் கண் சிமிட்டற நேரத்துக்கு நெசம். முள் துள்ளிச்சு பாருங்க, அது. அப்புறம் அஞ்சுதான்.”

மரவேலைக்காரர் இப்போது லாண்டரிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஐஸ்காரம்மா, “சரி சரி, போய் வேலையைப் பாருங்க” என்று திரும்பினார். சின்னவளுக்குப் போன உயிர் வந்தது. அவ்வளவுதான், தப்பித்தோம். லாண்டரிக்காரர் இனிமேல் இந்த வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். திங்கட்கிழமை வேறு யார் தலையாவது உருளும்.

“நில்லுங்க, எங்க போறீங்க?” என்றார் காயில்காரம்மா. “பல்பு அஞ்சு. நான் பல்பு மட்டுமா போடறேன்?”

சின்னவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, வேணாம்க்கா. அவங்களே போறாங்க. விட்டுடுங்க.”

“ஏண்டி விடணும்?”

“அடுப்பெல்லாம் ஏத்தினா நம்மது பெரிசா வரும்க்கா. தானா போற சண்டையை ஏன் கூப்பிட்டு உட்கார வைக்கறீங்க?”

“அவர் தப்பா சொன்னார்னா, நான் கம்மியா திங்கறேன்னு அர்த்தமாயிடுமா? எழுபதுன்னு பொய்யா ஒரு பேர் வந்துச்சு, துடைச்சாச்சு. அஞ்சுன்னு பொய்யா ஒரு பேர் வேணாம்.”

அடுப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். பேக்கரிக்காரர்கள் அன்றைய வேலை முடிந்து சாயங்காலம்தான் அடுப்பைக் கொண்டுவருவார்கள், விடியுமுன் அவர்களுக்குத் திரும்ப வேண்டும். அதனால் அவருடைய கனமான வேலையெல்லாம் சாயங்காலத்தில்தான். அந்த நேரத்தில் என்னவெல்லாம் ஓடுமோ அதெல்லாம் இப்போது ஓடியது. அறைக்குள் நிற்க முடியவில்லை. ஐஸ்காரம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். “உருகிடுவேன் போலிருக்கே!”

“உங்க சரக்குதான் உருகும், நீங்க உருக மாட்டீங்க. இருங்க, நிலைக்கு வரட்டும்.”

வந்தது. பாரம் ஏறியதில் வோல்ட் இருநூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. ஆம்பியர் முள் இருபத்துநான்கில் நின்றது. காயில்காரம்மாவின் உதடு அசைந்தது. “எட்டே முக்கால் ஓம். அஞ்சாயிரத்து நாப்பது வாட்.” கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவிக்கொண்டு நடைக்கு வந்தார். தன் அறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதன் மேல் தலை அளவுக்குப் பெரிதாக எழுதினார்: 24.

“இது நான். இப்ப உங்க கதவைச் சாத்துங்க.”

மரவேலைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. மெயினை அணைத்து, அவருடைய லைனின் ஒரு கம்பியைக் கழற்றி, ஆம்பியர் மீட்டரை நடுவில் கோர்த்தார்கள். ரம்பம் கிளம்பியபோது முள் கடைசிவரை பாய்ந்து முட்டிவிட்டுத் திரும்பியது. பலகையை அறுக்கும்போது பதின்மூன்று. ஐஸ் மெஷினுக்குப் பதினைந்து. மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் நேராகப் பெருக்கினால் வாட் சரியாக வராது என்று சொல்லி, அவர்களுக்கு ஆம்பியரை மட்டும் எழுதினார். “பியூஸுக்கு அதுதான் பாஷை. அதுக்கு வாட்டெல்லாம் தெரியாது.”

லாண்டரிக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “என் கதவு, என் இஷ்டம்.”

“கதவு கொட்டகைக்காரரோடது. இஷ்டம் உங்களோடது. இஷ்டத்துல எழுதல, கதவுலதான் எழுதப் போறேன்.”

“எனக்கு இப்ப வேலை இல்ல. எதுவும் ஓடல.”

“ஈரத்துணி மலை மாதிரி கிடக்கு, வேலை இல்லையாம். என் அறைக்குள்ள நான் இல்லாதப்ப ஊசி வச்சீங்கல்ல? நான் நீங்க இருக்கும்போதே வைக்கறேன். மரியாதையா.” அவருடைய தோளில் நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். லாண்டரிக்காரர் நகர்ந்துகொண்டார். பெரிய சலவை மெஷினும் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் ஓட, பத்தொன்பது.

திங்கட்கிழமை கொட்டகைக்காரர் வந்தார். மரவேலைக்காரர் நடையில் வைத்திருந்த புது நாற்காலியில் உட்காரப் போனவரை, “ஐயோ, வார்னிஷ் காயல!” என்று தடுத்துவிட்டார்கள். அதனால் பஞ்சாயத்து முழுக்க நின்றுகொண்டே நடந்தது. கதவுகளைப் பார்த்தார். பத்தொன்பது, பதின்மூன்று, பதினைந்து, இருபத்துநான்கு. கூட்டினால் எழுபத்தொன்று, பியூஸ் தாங்குவது அறுபது.

“இதை யார் எழுதினது?”

“நான்” என்றார் காயில்காரம்மா.

“உன் கதவிலயும் நீயே எழுதினியா?”

“என் கதவுல முதல்ல எழுதினேன்.”

கொட்டகைக்காரர் தாடையைத் தேய்த்தார். “பார்த்தா வேலை சுலபமாப் போச்சேம்மா. எது பெரிசோ அதை எடுத்துட வேண்டியதுதானே?”

லாண்டரிக்காரர் வேகமாகத் தலையாட்டினார். மரவேலைக்காரர் தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் கூட்டினார். காயில்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் வாசலுக்குக் குறுக்கே நின்றார். “பெரிசு நான்தான், ஒளிக்கல. எடுக்கறவர் உள்ள வந்து எடுக்கட்டும். அடுப்பு சூடா இருக்கு, பார்த்துக் கை வைக்கச் சொல்லுங்க.”

சின்னவள் ஐஸ் அறைப் பக்கம் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அவளுக்கு ஒரு பழக்கம். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்க்குள் படிப்பாள். கதவுகளை வரிசையாகப் படித்தாள். ஒன்றை விரலால் மறைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். வாய்க்குள் படிப்பதாகத்தான் நினைத்தாள்.

“இருபத்திநாலு போயிட்டா... அடுத்து பத்தொன்பதுதான் பெரிசு.”

எல்லோரும் லாண்டரிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். லாண்டரிக்காரரும் பார்த்தார். தலையாட்டுவதை நிறுத்தினார்.

ஐஸ்காரம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. “ஆமா! நான் கோடைக்கு இன்னொரு மெஷின் போடலாம்னு இருக்கேன். போட்டா மறுபடி பியூஸ் போகும். அப்ப அடுத்த பெரிசை எடுக்கறதா? எடுத்துட்டே போனா கடைசியில யார் இருப்பா?”

“நாற்காலிதான் இருக்கும்” என்றார் மரவேலைக்காரர்.

லாண்டரிக்காரர் தொண்டையைச் செருமினார். “அதாவது... யாரையும் எடுக்கணும்னு இல்லியே. நேரத்தைப் பிரிச்சுக்கலாம்.”

“அடடே” என்றார் காயில்காரம்மா.

சின்னவளுக்குக் காது வரை சூடேறியிருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பெரியவர் தெரு முனையில் நின்று, அவள் தோளில் நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு நடந்தார்.

காயில்காரம்மா அதே கடைசி அறையில்தான் இருக்கிறார். சாயங்காலம் பேக்கரி அடுப்புகளை ஏற்றுமுன் ஸ்பேனரால் தகரத் தடுப்பில் ஓர் அடி போட்டு, “ஏத்தறேன்!” என்று கத்துவார். ரம்பம் நிற்கும். லாண்டரியில் ஓர் இஸ்திரிப் பெட்டி அணையும். மரவேலைக்காரர் அந்த நேரத்தை வார்னிஷுக்கு வைத்துக்கொண்டார். காலையில் ரம்பத்தின் முறை, அப்போது அடுப்பு ஏறாது. யாராவது முறை தவறினால் இப்போதும் பியூஸ் போகிறது. போனதும் மூன்று பேரும் முதலில் பார்ப்பது கடைசிக் கதவைத்தான். அவர் மீட்டர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வருவார். “வாங்க, முதல்ல என்னுதை அளங்க” என்பார். அளக்க யாரும் வருவதில்லை. லாண்டரிக் கதவிலிருக்கும் எண் மட்டும் அடிக்கடி எப்படியோ அழிந்துபோகிறது. அவர் கேள்வி கேட்காமல் எழுதிவிட்டு வருவார்.

சமீபத்தில் பெரிய பேக்கரி ஒன்றிலிருந்து மூன்றடுக்கு அடுப்பு வந்தது. நடையில் அதை உருட்டிக்கொண்டு வரும்போது மூன்று வாசல்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். இவ்வளவு பெரிதை எடுக்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்று சின்னவள் கண்ணாலேயே சொன்னாள். காயில்காரம்மா காயில் சுற்றி மாட்டி, தகரத்தில் ஓர் அடி போட்டு, ஏற்றினார். டீ வந்தது, ஓரத்தில் உட்கார்ந்தது. அடுப்பு நிலைக்கு வந்ததும் முள்ளைப் படித்தார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய் 24-ஐத் துடைத்தார்.

“அக்கா, இந்தத் தடவை கொஞ்சம் சின்னதா எழுதுங்களேன்.”

அவர் கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவி, கதவில் ஈரம் காயும்வரை காத்திருந்தார். எழுதிவிட்டு உள்ளே வந்து, டீயின் மேல் படிந்திருந்த ஏட்டை விரலால் ஒதுக்கினார்.

கடைசிக் கதவில் இப்போது 27 என்று இருக்கிறது. லாண்டரி வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்.